கிரீஸ் ஃபியோர்டிலிருந்து கானாக்: 360 கிலோமீட்டரா, 15,000 கிலோமீட்டரா?

கேள்வி இதுதான்: கனடாவின் வடகோடியில் இருக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் கிரீன்லாந்தின் வடமேற்கில் இருக்கும் கானாக்குக்கும் விமானத் தூரம் எவ்வளவு? இணையக் கணிப்பான் 360 கிலோமீட்டர், அரைமணி நேரம் என்கிறது. வரைபடத்தில் அளந்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. டிக்கெட் தேடினால் ஒன்றுமே கிடைப்பதில்லை. எதை நம்புவது?

தூரத்தில் கணிப்பான் சொல்வது சரி, நேரத்தில் தவறு. வரைபடம் ஏமாற்றுகிறது. டிக்கெட் தளத்தின் மௌனம்தான் மூன்றிலும் அதிக உண்மையுள்ள பதில்.

முதலில் அந்த 360 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கிரீஸ் ஃபியோர்டு 76 பாகை 25 கலை வடக்கு, 82 பாகை 54 கலை மேற்கு (ஒரு பாகைக்கு 60 கலை). கானாக் 77 பாகை 28 கலை வடக்கு, 69 பாகை 14 கலை மேற்கு. அட்சரேகையில் வேறுபாடு ஒரு பாகைக்குச் சற்று மேல். தீர்க்கரேகையில் ஏறத்தாழ 13.7 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகை என்பது 111 கிலோமீட்டர். அதையே இங்கும் வைத்துப் பெருக்கினால் 1,500 கிலோமீட்டர் வரும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே விடைதான் கிடைத்திருக்கும்.

ஆனால் தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்கின்றன. உரித்த ஆரஞ்சின் சுளை நடுவில் அகன்று நுனியில் குறுகுவதைப் போல, வடக்கே போகப் போக இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவே உள்ள நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. 77ஆவது பாகைக்குச் சமீபத்தில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் 25 கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே கிழக்கு மேற்காக இந்த இரண்டு ஊர்களுக்கும் இடைவெளி சுமார் 343 கிலோமீட்டர். தெற்கு வடக்காக 117 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தை இதில் போட்டால் 362 வருகிறது. கோள முக்கோணவியல் சூத்திரத்தைக் கொண்டு முறையாகக் கணக்கிட்டாலும் விடை அதேதான். பூமி சரியான கோளம் அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும். ஊரின் மையத்துக்குப் பதிலாக விமான நிலையத்தை எடுத்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும். 360 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மைலில் சொன்னால் 195.

வரைபடம் ஏமாற்றுவதற்குக் காரணம் நாம் திரையில் பார்க்கும் பெரும்பாலான உலகப் படங்கள் மெர்கேட்டர் வகையைச் சேர்ந்தவை என்பதுதான். 1569இல் கடலோடிகளுக்காக வரையப்பட்ட அந்த முறையில் திசைக்கோணம் சரியாக இருக்கும், நீளம் சரியாக இருக்காது. 77ஆவது பாகையில் நீளங்கள் நாலு மடங்குக்கும் மேல் ஊதிக் காட்டப்படுகின்றன. வடதுருவத்தைச் சுற்றியுள்ள எந்த இரண்டு ஊர்களின் தூரத்தையும் அந்தப் படத்தில் கண்ணால் மதிப்பிடவே கூடாது. அலாஸ்காவின் உட்கியாக்விக்கையும் நார்வேயின் ட்ரோம்ஸோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒன்று இடக்கோடியில், மற்றொன்று வலப்பக்கம். அட்சரேகையை ஒட்டியே கிழக்கு நோக்கிப் போனால் 6,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். துருவத்தை ஒட்டிக் குறுக்கே பறந்தால் 4,340தான்.

கிரீஸ் ஃபியோர்டு, கானாக் விஷயத்தில் இந்தக் குறுக்குவழி லாபம் பெரிதாக இல்லை. தூரம் குறைவு என்பதால். ஆனால் வேறொரு வேடிக்கை இருக்கிறது. நேர்க்கோட்டில் பறக்க வேண்டுமானால் விமானி புறப்படும்போது உண்மை வடக்கிலிருந்து, அதாவது புவியியல் துருவம் இருக்கும் திசையிலிருந்து, 65 பாகையில் தொடங்க வேண்டும். போய்ச் சேரும்போது 78 பாகையில் இருப்பார். வெறும் 360 கிலோமீட்டரில், விமானம் எந்தப் பக்கமும் திரும்பாமலேயே, அதன் திசை எண் 13 பாகை மாறிவிடுகிறது. மாறுவது விமானம் அல்ல. வடக்கு என்ற திசைதான் அதன் இடப்பக்கத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

காந்த ஊசியை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. காந்த வடதுருவம் நீண்ட காலம் இந்தக் கனடியத் தீவுகளுக்குள்ளேயே அலைந்துகொண்டிருந்தது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதை பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். பிறகு வடக்கே நகர்ந்து, இப்போது ஆர்க்டிக் பெருங்கடலைத் தாண்டி சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. காந்தத் துருவத்துக்கு அருகில் ஊசி கிடைமட்டமாக நிற்காமல் கீழ்நோக்கிச் சாய ஆசைப்படும். காட்டும் திசையை நம்ப முடியாது. அதனால் கனடாவின் வட வான்வெளியில் எல்லாத் திசைகளும் உண்மை வடக்கை வைத்தே சொல்லப்படுகின்றன. ஓடுபாதைகளின் எண்கள்கூட அப்படித்தான். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2011 ஆகஸ்ட் 20 அன்று கனடிய ஆர்க்டிக்கில் இருக்கும் ரெசொலூட் என்ற ஊரில் தரையிறங்க வந்த ஒரு போயிங் 737 குன்றில் மோதி, இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணை சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, விமானத்தின் திசைகாட்டும் கருவி காட்டிய எண்ணில் சேர்ந்திருந்த பிழை.

இனி நேரம். இணையக் கணிப்பான்கள் எல்லாத் தூரத்தையும் ஜெட் விமானத்தின் வேகத்தால், மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது போன்ற ஒன்றால், வகுத்துவிடுகின்றன. அப்படித்தான் அரைமணி நேரம் வந்தது. ஆனால் கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல் பாதை. நீளம் சுமார் 500 மீட்டர். ஜெட் விமானம் அதில் இறங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஊரின் முதுகில் மலை, முன்னால் ஜோன்ஸ் நீரிணை. மலையிலிருந்து காற்று சரிந்து விழும் நாட்களில் சிறிய விமானங்களும் வராது. அங்கே வழக்கமாக வந்துபோவது ட்வின் ஓட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம். டி ஹாவிலாந்து கனடா நிறுவனம் உருவாக்கி 1965இல் முதன்முதலாகப் பறந்தது. அதிகபட்சம் 19 பேர் உட்காரலாம். வடக்கே பாதி இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவார்கள். குறுகிய பாதையில் இறங்கி ஏறுவதற்கென்றே பிறந்தது. குளிர்காலத்தில் சறுக்குக்கட்டை பொருத்திப் பனியிலும் இறக்கலாம். அறுபது வருடப் பழைய வடிவத்தை இன்னும் யாரும் ஓரங்கட்ட முடியாமல் இருப்பது எனக்கு எப்போதுமே வியப்பு. அதன் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில். ஆக, எதிர்க்காற்று இல்லாவிட்டால் கானாக்குக்கு ஒரு மணி இருபது நிமிடம்.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. இப்போது டிக்கெட் வாங்கப் போகலாம்.

கிரீஸ் ஃபியோர்டிலிருந்து வழக்கமான விமானம் போகும் ஒரே திசை ரெசொலூட். அது தென்மேற்கே 380 கிலோமீட்டர். கவனியுங்கள்: தன் நாட்டுக்குள்ளேயே மிக அருகில் இருக்கும் ஊருக்குப் போகும் தூரம், வெளிநாட்டிலுள்ள கானாக்குக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். ரெசொலூட்டிலிருந்து, இந்த ஊர்கள் அடங்கிய கனடிய வடபிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் இக்காலுவிட்டுக்கு 1,575 கிலோமீட்டர். இக்காலுவிட்டிலிருந்து ஒட்டாவாவுக்கு 2,100. ஒட்டாவாவிலிருந்து எப்படியாவது அட்லாண்டிக்கைத் தாண்டி கோபன்ஹேகன். நேராகவே அளந்தாலும் 5,900. கோபன்ஹேகனிலிருந்து திரும்பவும் மேற்கே கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கு 3,540. நூக்கிலிருந்து இலுலிசாட் 560, அங்கிருந்து உபெர்னாவிக் 435, கடைசியாகக் கானாக் 640. கூட்டிப் பாருங்கள், 15,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நேர்த்தூரத்தைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கிலிருந்து நூக்குக்கு 2025 கோடையில் நேரடி விமானம் விட்டார்கள். அந்த வழியில் போனால் 9,200 கிலோமீட்டர் ஆகும். அப்போதும் 25 மடங்கு.

இதிலும் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு, அது எப்போதும் திறந்திருப்பதில்லை. இக்காலுவிட்டும் நூக்கும் டேவிஸ் நீரிணையின் இரு கரைகளில், இடையே 820 கிலோமீட்டர். இரண்டுமே தலைநகரங்கள், இரண்டிலும் ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்களே பெரும்பான்மை. 2012இல் ஏர் கிரீன்லாந்து இவற்றை இணைத்து விமானம் விட்டது; சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. 2024 கோடையில் கனடியன் நார்த் நிறுவனத்தோடு சேர்ந்து, வாரம் ஒருமுறை என்று மீண்டும் தொடங்கியது. அது ஓடும் மாதங்களில் கிரீஸ் ஃபியோர்டிலிருந்து கானாக்குக்கு 4,400 கிலோமீட்டரில் போய்விடலாம். பன்னிரண்டு மடங்கு. வடக்கில் இதைச் சௌகரியம் என்றே சொல்வார்கள்.

ரெசொலூட்டிலிருந்து கானாக்குக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அதன் நீளம் 741 கிலோமீட்டர். ரெசொலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு வழியாகக் கானாக் போனால் வருவது 743. அதாவது கிரீஸ் ஃபியோர்டு ஏறத்தாழ அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரெசொலூட்டிலிருந்து அங்கே வந்து இறங்கும் ட்வின் ஓட்டர், மூக்கைத் திருப்பாமல் அதே திசையில் இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் போனால் கானாக். அது போவதில்லை. சாமான்களை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்புகிறது.

ஏன் போவதில்லை என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் காரணம் ஆள் இல்லை என்பது. உண்மைதான். 2021 கணக்கெடுப்பில் கிரீஸ் ஃபியோர்டின் மக்கள்தொகை 144. கானாக்கில் அறுநூறு பேரை ஒட்டி. இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தாலும் ஒரு பெரிய ஜம்போ விமானத்தை இரண்டு தடவை நிரப்ப முடியாது. இரண்டாவது காரணம் எரிபொருள். போகும் ஊரில் மேகம் இறங்கிவிட்டால் வேறு எங்கே இறங்குவது என்பதற்கு விமானி பதில் வைத்திருக்க வேண்டும். தெற்கே இருப்பவர்களுக்குப் பக்கத்து நகரம் என்ற பதில் உண்டு. இங்கே பதில் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுதான். ஆகவே போக, வர, அதற்கு மேலும் கொஞ்சம் என்று எரிபொருளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த எடைக்கு ஆட்களையும் சரக்கையும் குறைக்க வேண்டும். கிரீஸ் ஃபியோர்டில் இருக்கும் எரிபொருளோ வருடத்துக்கு ஒருமுறை, பனி விலகும் குறுகிய கோடையில் கப்பலில் வந்து சேர்வது. நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி நடு வரை சூரியனே எழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கானாக்கின் ஓடுபாதை சற்று நீளம், 900 மீட்டர், அதுவும் சரளைதான். டாஷ் 8 என்ற பெரிய விமானம் அதில் இறங்கும், கிரீஸ் ஃபியோர்டில் இறங்காது. மூன்றாவது காரணம், இரண்டுமே சர்வதேச விமான நிலையங்கள் அல்ல. நடுவில் இருப்பது நாட்டெல்லை. பாஸ்போர்ட், சுங்கம் என்ற சடங்குகளைச் செய்வதற்கான ஏற்பாடு வழக்கமாக அங்கே இல்லை.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இவை மட்டுமே காரணம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 144 பேர் உள்ள ஊருக்கு ரெசொலூட்டிலிருந்து விமானம் வருகிறதே, அது லாபக் கணக்கில் வருகிறதா? இல்லை. அரசின் தபால், அரசின் செவிலியர், ஆசிரியர், போலீஸ், அரசு மானியம் பெற்ற உணவு, அரசு செலவில் தெற்கே சிகிச்சைக்குப் போகும் நோயாளிகள் என்று இவையே அந்த விமானத்தை நிரப்புகின்றன. கானாக் விமானத்தின் கதையும் அதேதான், அங்கே பணம் தருவது வேறு அரசு. வடக்கே விமானப் பாதை என்பது ஒரு தலைநகரம் தன் கடைசி ஊர்வரை நீட்டும் கை. இரண்டு தலைநகரங்களின் இரண்டு கைகள் 360 கிலோமீட்டர் இடைவெளியில் நின்றுவிட்டன. அவை தொட்டுக்கொள்ள வேண்டும் என்று எந்தத் தலைநகரத்துக்கும் அவசரம் இல்லை.

அந்த இரண்டு ஊர்களும் அங்கே இருப்பதற்குக் காரணமும் அதே தலைநகரங்கள்தான். இரண்டுமே 1953இல் உருவானவை, இரண்டுமே இடம்பெயர்க்கப்பட்டவர்களின் ஊர்கள்.

கனடா அரசு 1953 கோடையில் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் இருக்கும் இனுக்ஜுவாக்கிலிருந்து சில இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, இன்றைய கிரீஸ் ஃபியோர்டு இருக்கும் எல்ஸ்மியர் தீவிலும் ரெசொலூட்டிலும் கொண்டுபோய் விட்டது. அவர்களுக்கு அந்த நிலம் பழக்கமில்லை என்பதால் பாஃபின் தீவின் வடபகுதியிலுள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்து வேறு சில குடும்பங்களையும் சேர்த்து அனுப்பியது. இனுக்ஜுவாக்கிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு 2,000 கிலோமீட்டர் வடக்கே. இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் பகல் உண்டு. இங்கே மூன்று மாதத்துக்கு மேல் இருட்டு. வேட்டை விலங்குகளும் வேறு. வேட்டைக்கு நல்ல இடம், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது, திருப்பி அனுப்பவில்லை. ஆளில்லாத தீவுகளில் கனடாவின் இறையாண்மையை நிலைநாட்ட மனிதர்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. 1994இல் பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் இது குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. 1996இல் ஒரு கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. அதிகாரபூர்வமான மன்னிப்பு 2010 ஆகஸ்டில்தான் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், அதே 1953இன் மே மாதத்தில், துலே அமெரிக்க விமானதளத்தை விரிவாக்குவதற்காக உம்மன்னாக் என்ற ஊரின் மக்களை டென்மார்க் அரசு வெளியேற்றியது. இனுகுயிட் எனப்படும் வடமேற்கு கிரீன்லாந்து இனுயிட் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சில நாள் அவகாசத்தில் நாய்வண்டிகளில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் வடக்கே போனார்கள். அவர்களுக்காகக் கட்டப்பட்டதுதான் கானாக். வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்து, 1999இல் டென்மார்க் நீதிமன்றம் அது கட்டாய வெளியேற்றமே என்று சொல்லி இழப்பீடு வழங்கியது. பிரதமர் மன்னிப்பும் கேட்டார். ஊருக்குத் திரும்பும் உரிமை கிடைக்கவில்லை. அந்தத் தளம் 2023 முதல் பிட்டுஃபிக் விண்வெளித் தளம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் நீண்ட ஓடுபாதை இருக்கிறது. 2001இல் கானாக்குக்குச் சொந்த ஓடுபாதை வரும்வரை அந்த ஊர்க்காரர்கள் வெளியே போவதற்குத் தாங்கள் விரட்டப்பட்ட அதே இடத்துக்குத்தான் வந்து விமானம் ஏற வேண்டியிருந்தது.

இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களும் அல்ல. 1850களில் கித்லார்சுவாக் என்ற இனுயிட் தலைவர் பாஃபின் தீவிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார். பல வருடங்கள் டெவன் தீவிலும் எல்ஸ்மியரிலும் தங்கித் தங்கி, 1860களின் தொடக்கத்தில், எல்ஸ்மியருக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள ஸ்மித் நீரிணையைப் பனியின் மேல் கடந்து கிரீன்லாந்தை அடைந்தார். அங்கே இருந்தவர்கள் தோணி கட்டும் வித்தையையும், வில்லையும், மீன் குத்தும் ஈட்டியையும் மறந்துபோயிருந்தார்கள்; வந்தவர்கள் அவற்றைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய கானாக் பகுதி மக்களில் பலர் அந்தக் கூட்டத்தின் வம்சத்தினர். இருபதாம் நூற்றாண்டில் எல்ஸ்மியரில் அமைந்த கனடியப் போலீஸ் முகாம்களுக்கு வழிகாட்டிகளாகவும் வேட்டைக்காரர்களாகவும் வேலைக்கு வந்தவர்களும் கிரீன்லாந்து இனுகுயிட்தான்.

அப்படியானால் பனியின் மேலேயே நேராகப் போய்விடலாமே என்று தோன்றும். நேராகப் போக முடியாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே, நேர்க்கோட்டின் குறுக்கே, கடுங்குளிரிலும் முழுக்க உறையாத ஒரு கடற்பரப்பு இருக்கிறது. இனுயிட் மக்கள் அதை பிகியாலாசொர்சுவாக் என்கிறார்கள். வடக்கே, எல்ஸ்மியரையும் கிரீன்லாந்தையும் பிரிக்கும் நேர்ஸ் நீரிணையின் குறுகலில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு வளைவான பாலம்போல் இறுகிவிடும். அதற்குத் தெற்கே காற்றும் நீரோட்டமும் புதிதாக உருவாகும் பனியைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் நீர் திறந்தே கிடக்கும். திமிங்கிலம், வால்ரஸ், கோடிக்கணக்கான கடற்பறவைகள் எல்லாம் கூடும் செழிப்பான இடம். இரு கரை மக்களும் உயிர்வாழ்வது அதனால்தான். ஆனால் நாய்வண்டியோ பனி ஸ்கூட்டரோ அதைக் கடக்க முடியாது. வடக்கே ஸ்மித் நீரிணைவரை ஏறி, பாலம் உறுதியாக இருக்கும் வருடத்தில் அங்கே கடந்து, மறுபடியும் தெற்கே இறங்க வேண்டும். கடல் சூடேறுவதால் அந்தப் பாலம் சில வருடங்களில் சரியாக உருவாவதே இல்லை.

2016இல், பல நாட்டு இனுயிட் மக்களின் பொது அமைப்பான இனுயிட் சர்க்கம்போலார் கவுன்சில் இரு கரை மக்களையும் கேட்டறிய ஒரு ஆணையம் அமைத்தது. அடுத்த வருடம் வெளிவந்த அதன் அறிக்கையின் பரிந்துரைகளில், கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே இனுயிட் மக்கள் முன்போலத் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதும் ஒன்று. 2022 ஜூனில் கனடாவும் டென்மார்க்கும் கிரீன்லாந்தும் ஹான்ஸ் தீவைப் பங்குபோட்டுக்கொண்டன. நேர்ஸ் நீரிணையின் நடுவில், ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே பெரிய மொட்டைப்பாறை அது. ஒருவர் கொடியை இறக்கி மற்றவர் கொடியை ஏற்றி, மதுப்புட்டி வைத்துவிட்டுப் போவதாகப் பல வருடம் நடந்த அந்தச் சண்டையைச் சிரித்துக்கொண்டே முடித்தார்கள். யாரும் வாழாத பாறையில் எல்லைக்கோடு போடக் கிடைத்த அக்கறையில் கொஞ்சம், மனிதர்கள் வாழும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மாதம் ஒரு விமானம் விடுவதிலும் இருந்திருக்கலாம்.

நீங்கள் கேட்டது வெறும் ஆர்வத்துக்காக இல்லாமல், உண்மையிலேயே போவதற்காக என்றால் நடைமுறை விஷயங்கள் கொஞ்சம் சொல்கிறேன். இருவழிகள் உண்டு. ஒன்று, ரெசொலூட்டில் ட்வின் ஓட்டரை வாடகைக்கு எடுப்பது. ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்டு, கானாக் போய்க் காலியாகத் திரும்பும் தூரம் முழுவதற்கும், கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டருக்கு, நீங்களே பணம் தர வேண்டும். இரு நாட்டு அனுமதிகளையும் விமான நிறுவனமே முன்கூட்டி வாங்கும்படி பேசிக்கொள்ளுங்கள். தரையிறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே செல்லாது. ஆராய்ச்சிக் குழுக்களும் படப்பிடிப்புக் குழுக்களும் இப்படித்தான் போகின்றன. ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு விழும் தொகை, சுற்றிப் போகும் டிக்கெட்டுகளோடு ஒப்பிடுமளவுக்கு இறங்கக்கூடும்.

மற்றொன்று, வழக்கமான விமானங்களில் சுற்றிப் போவது. கிரீஸ் ஃபியோர்டு விமானமும் கானாக் விமானமும் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களே. இரண்டுக்கும் நடுவே எத்தனை இணைப்புகள் இருந்தாலும், பயணத் திட்டத்தை இந்த இரண்டு நாட்களிலிருந்து தொடங்கி உள்நோக்கிக் கட்டுங்கள். ரெசொலூட்டிலும் இலுலிசாட்டிலும் பல நாள் தங்க நேரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒரே டிக்கெட்டில் வாங்க முடியாது. ஒன்று தவறினால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. மார்ச் கடைசி முதல் மே வரை வெளிச்சமும் தெளிவான வானமும் அதிகம். கோடையில் கடல்மூடுபனி வந்தால் விமானம் நாள்கணக்கில் நின்றுவிடும்.

இந்தியா அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் ஷெங்கன் பகுதியில் சேராது. கோபன்ஹேகன் வழியாகப் போக ஷெங்கன் விசா வேண்டும். அது மட்டும் இருந்தால் கிரீன்லாந்தில் நுழைய முடியாது. டென்மார்க் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்கும் செல்லும் என்ற குறிப்போடு கேட்டு வாங்க வேண்டும். கனடாவுக்குத் திரும்ப வருவதாக இருந்தால் ஷெங்கன் விசாவும் கனடிய விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு நாட்டு விசாவும் கையில் கிடைத்த பிறகு மட்டும் ரெசொலூட் டிக்கெட்டை வாங்குங்கள்.